மக்கள் நெஞ்சில் ஆபிரகாம் லிங்கன்

1939ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு. அன்று மாலை அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில், வெண்சலவைக் கற்களாலான ஒரு நினைவு மண்டபத்தின் படிகளிலே ஒரு பெண்மணி நின்று பாடினார். அவர் பெயர் மேரியன் அண்டர்சன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பெரும் பாராட்டைப் பெற்ற பாடகி. ஆயினும் அவர் கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால், அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்னும் சங்கம் தனது மண்டபத்தை அவருக்குத் தர மறுத்துவிட்டது. மண்டபத்தின் கதவுகள் மூடப்பட்டபோது திறந்த வெளியே அரங்காயிற்று. எழுபத்தையாயிரம் மக்கள் அங்கே கூடினர். வானொலி வாயிலாக இலட்சக்கணக்கானோர் தத்தம் இல்லங்களிலிருந்தே அவர் குரலைக் கேட்டனர். பாடிய பெண்மணிக்குப் பின்னால், பத்தொன்பது அடி உயரத்தில், ஓர் ஆசனத்தில் அமர்ந்திருந்தது ஒரு மனிதரின் சிலை. அவரே ஆபிரகாம் லிங்கன்; ஐக்கிய அமெரிக்காவின் பதினாறாவது ஜனாதிபதி.

வேறு எத்தனையோ இடங்கள் இருக்க, அநீதிக்கு ஆளான ஒருவர் ஏன் அந்தச் சிலையின் முன் வந்து நிற்கவேண்டும்? அவர் இறந்து அப்போது ஏறக்குறைய எழுபத்துநான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1963 ஓகஸ்ட் 28ஆந் திகதி, மாட்டின் லூதர் கிங் அவர்களும் அதே படிகளில் நின்றுதான் இரண்டரை இலட்சம் மக்கள் முன்னிலையில் தம் கனவை எடுத்துரைத்தார். பதவியில் இருப்போரை மக்கள் புகழ்வது இயல்பு. பதவி போனதும் மறப்பதும் இயல்பே. ஆனால் ஒருவர் மறைந்து நூற்றாண்டு கடந்த பின்னரும், தம் வழக்கை அவர் முன்னிலையில் வைக்கவேண்டும் என்று மக்கள் எண்ணுவார்களாயின், அதற்குக் காரணம் என்ன? இன்றைய பேச்சில் நாம் ஆராயவிருப்பது இதுவே.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். லிங்கன் தம் காலத்தில் எல்லோராலும் போற்றப்பட்டவர் அல்லர். 1860ஆம் ஆண்டுத் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். மக்கள் அளித்த வாக்குகளில் நூற்றுக்கு நாற்பதுகூட லிங்கனுக்குக் கிடைக்கவில்லை. தென் மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் அவர் பெயருக்கு வாக்குச் சீட்டே இருக்கவில்லை. அவர் தெரிவாகிப் பதவியேற்பதற்கு இடைப்பட்ட நான்கு மாதங்களுள் ஏழு மாநிலங்கள் ஐக்கியத்தைவிட்டுப் பிரிந்து சென்றன. பகைவர் மட்டுமன்றிச் சொந்தப் பக்கத்தினரும் அவருடைய நெடிய உருவத்தையும் ஒடுங்கிய முகத்தையும் பழித்து, குரங்கென்று கூறவும் கூசவில்லை. கட்சிக்காரருட் சிலர் அவரை மந்தகதிக்காரர் என்றனர். எதிர்க்கட்சியினர் கொடுங்கோலர் என்றனர். இத்தகைய ஒருவர்தாம் இன்று அந்நாட்டு மக்களின் நெஞ்சில் முதலிடம் பெற்றிருக்கின்றார். 1948இல் பேராசிரியர் ஆர்தர் சிலெசிங்கர் வரலாற்றாசிரியர்களிடம் கருத்துக் கேட்டபோது, ஜனாதிபதிகளுள் முதலிடம் லிங்கனுக்கே கொடுக்கப்பட்டது. 2000, 2009, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் சீ-ஸ்பான் தொலைக்காட்சி நிறுவனம் அறிஞர்களிடம் எடுத்த மதிப்பீடுகளிலும் அவ்விடம் மாறவில்லை.

அறிஞர்களின் மதிப்பு ஒருபுறம் இருக்க, பொதுமக்களின் பற்றுக்கு வேர் எங்கே இருக்கின்றது? அவ்வேரைத் தேடினால், கென்ரக்கி மாநிலத்தில் மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டிய ஓர் ஒற்றையறைக் குடிசைக்கு நாம் செல்லவேண்டும். 1809 பெப்ரவரி 12ஆந் திகதி லிங்கன் அங்கே பிறந்தார். ஏழு வயதில் குடும்பம் இந்தியானாக் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதில் தாயை இழந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் கழித்த நாட்கள் அனைத்தையும் கூட்டினாலும் ஓராண்டுக்கு மேல் வராது. சிற்றன்னையாக வந்த சாரா என்னும் அம்மையார் அச்சிறுவனின் படிப்பார்வத்தைக் கண்டு ஆதரித்தார். பகலிற் கோடரி பிடித்து வேலிக்கு மரம் பிளந்தவர், கிடைத்த ஓய்வு நேரத்திற் புத்தகம் பிடித்தார். பின்னர் இலினோய் மாநிலத்தில் கடைச் சிப்பந்தியாகவும், கிராமத் தபாலதிபராகவும், நில அளவையாளராகவும் பிழைத்து, தாமாகவே சட்டம் பயின்று 1836இல் நியாயவாதியானார்.

ஏழையாய்ப் பிறந்து உயர்ந்தவர் உலகிற் பலர் உளர். அவருட் பெரும்பாலோர் உயர்ந்தபின் தாம் ஏறிவந்த ஏணியை மறைத்துவிடுகின்றனர். லிங்கன் மறைக்கவில்லை. தேர்தற் காலத்தில் கட்சியினர் அவரை மரம் பிளப்பவர் என்று விளம்பரஞ் செய்தபோது அதனை அவர் மறுக்கவுமில்லை. அதைப்பற்றி மிகையாகப் பெருமை பேசவுமில்லை. தேர்தலுக்குச் சில வாரங்களின் முன், நியூயோர்க் மாநிலத்திலிருந்து கிரேஸ் பெடெல் என்னும் பதினொரு வயதுச் சிறுமி அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். முகம் மிகவும் மெலிந்திருப்பதால் தாடி வளர்த்தால் அழகாயிருக்கும் என்பது அவள் யோசனை. வேட்பாளர் அக்கடிதத்துக்குத் தம் கையால் மறுமொழி எழுதினார். சில மாதங்களிற் பதவியேற்கச் செல்லும் வழியில், அவளுடைய ஊரிற் புகையிரதம் நின்றபோது, புதிய தாடியுடன் இறங்கி அச்சிறுமியைக் கண்டு பேசினார். சிறிய செய்திதான். ஆயினும், இம்மனிதருக்கு எழுதினால் அவர் படிப்பார் என்ற நம்பிக்கை மக்களிடையே இத்தகைய சிறிய செய்திகளாலேயே வளர்ந்தது.

வெள்ளை மாளிகையில் அமர்ந்த பின்னரும் அவர் தம் வாயிலை அடைக்கவில்லை. போரின் நடுவிலும் குறித்த நாட்களிற் பொதுமக்களைச் சந்தித்தார். மகனைத் தேடிவந்த தாய்மார், வேலை கேட்டு வந்தோர், முறையிட வந்தோர், வீணே பொழுது போக்க வந்தோர் யாவரும் மாடிப்படிகளில் வரிசையாய் நின்றனர். நேரம் வீணாகின்றதென்று செயலாளர்கள் முறையிட்டபோது, பொதுமக்களின் கருத்திலே தாம் நீராடுகின்ற வேளை இது என்று அவர் நகைச்சுவையாகக் கூறுவாராம். இராணுவ நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளை அவர் தாமே பரிசீலனை செய்தார். காவலின்போது உறங்கியவர், அஞ்சி ஓடியவர் போன்ற இளம் போர்வீரர் பலரின் உயிரைக் காத்தார். படைத்தலைவர்கள் இதனாற் கட்டுப்பாடு குலையும் என்று சினந்தனர். ஆனால் அவ்வீரர்களின் பெற்றோர் வாழ்ந்த ஊர்களில் அவர் பெயர் வேறு விதமாகப் பேசப்பட்டது.

அவர்பால் மக்கள் கொண்ட பற்றுக்கு இரண்டாவது காரணம் அவருடைய சொல். 1863 யூலை மாதத்தில் கெற்றிஸ்பேர்க் என்னுமிடத்தில் மூன்று நாட் பெரும்போர் நிகழ்ந்தது. அங்கே மடிந்தோரின் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணஞ் செய்யும் விழா அதே ஆண்டு நவம்பர் 19ஆந் திகதி நடைபெற்றது. அக்காலத்தின் தலைசிறந்த நாவலர் எட்வேட் எவெரெற் இரண்டு மணி நேரம் பேசினார். பின்னர் லிங்கன் எழுந்தார். அவர் பேசிய சொற்கள் ஏறக்குறைய 270. சென்ற நேரம் இரண்டு மூன்று நிமிடம். மறுநாள் எவெரெற் அவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் இரண்டு மணி நேரத்தில் அணுக முயன்ற உட்பொருளை ஜனாதிபதி இரண்டே நிமிடத்திற் கூறிவிட்டார் என்னும் கருத்தை வெளியிட்டார். மக்களாட்சிக்கு அவ்வுரையின் இறுதியில் லிங்கன் கூறிய இலக்கணத்தை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

அவ்வுரையைப்பற்றி ஒரு கதை உண்டு. புகையிரதத்திற் செல்லும்போது ஒரு கடித உறையின் பின்புறத்தில் அவசரமாக எழுதினார் என்பது அக்கதை. இது உண்மையன்று. வாஷிங்டனிலேயே அதனைச் சிந்தித்து எழுதத் தொடங்கிவிட்டார் என்பதற்குச் சான்றுண்டு. கதை பொய்யாயினும் அது பிறந்த காரணம் கருதத்தக்கது. பெரிய சொற்கள் தம்மைப்போன்ற ஒருவரின் நாவிலிருந்து எளிதாகப் பிறந்தன என்று நம்புவதில் மக்களுக்கு ஒரு மகிழ்ச்சி. உண்மையோ இன்னும் மேலானது. எளிமையாகத் தோன்றுமாறு பேசுவதற்கு அம்மனிதர் அரும்பாடுபட்டார்.

போர் நீண்டது. 1861 முதல் 1865 வரை நடந்த அப்போரில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். லிங்கனின் வீட்டிலும் சாவு நுழைந்தது. பதினொரு வயது மகன் வில்லி 1862 பெப்ரவரியில் நோயால் இறந்தான். 1864 ஓகஸ்டில் நாடெங்கும் சோர்வு பரவியது. அவ்வாண்டுத் தேர்தலில் தாம் தோற்பது உறுதியென்றே லிங்கன் எண்ணினார். ஓகஸ்ட் 23ஆந் திகதி ஒரு குறிப்பை எழுதி மடித்து, உள்ளே இருப்பது இன்னதென்று காட்டாமலே அமைச்சர்களிடம் கையொப்பம் வாங்கினார். தாம் தோற்றால், புதியவர் பதவியேற்கும் நாள்வரை அவருடன் ஒத்துழைத்து ஐக்கியத்தைக் காக்க முயலவேண்டும் என்பதே அக்குறிப்பின் சாரம். உள்நாட்டுப் போரைக் காரணங்காட்டித் தேர்தலை அவர் ஒத்திவைத்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தேர்தலின்றி மக்களாட்சி இல்லை. அதனை ஒத்திவைக்க நேர்ந்தாற் கலகக்காரர் போர்க்களத்தில் வெல்லாமலே வென்றவராவர் என்பது அவர் துணிபு. செப்டெம்பர் தொடக்கத்தில் அற்லாண்டா நகரம் வீழ்ந்தது. மக்கள் மனநிலை மாறியது. அவர் பெருவெற்றி பெற்றார். தாம் வீழ்வது உறுதியென்று நம்பிய வேளையிலும் மக்கள் தீர்ப்புக்குத் தலைவணங்க ஆயத்தமாயிருந்த அந்த மனப்பாங்கு, தாடியையும் மரக்குடிசையையும்விட நெடுநாள் நினைக்கத்தக்கதாகும்.

அவர் புகழ் அமெரிக்கக் கரையுடன் நிற்கவில்லை. தென் மாநிலப் பருத்தி வராமற்போகவே இங்கிலாந்தின் இலங்காசயர் ஆலைகள் அடைபட்டன. தொழிலாளர் பட்டினி கிடந்தனர். அதே காலத்தில் இந்தியப் பருத்திக்கு என்றுமில்லாத விலை ஏறியது. வயிறு காய்ந்த நிலையிலும் மான்செஸ்ரர் தொழிலாளர்கள் கூடி, அடிமைமுறைக்கு எதிரான முயற்சியை ஆதரித்து 1862ஆம் ஆண்டின் கடைசி நாளன்று லிங்கனுக்கு எழுதினர். அவர்களுடைய தியாகத்தை வியந்து 1863 சனவரியில் அவர் மறுமொழி அனுப்பினார். 1919இல் அந்நகருக்கு வழங்கப்பட்ட லிங்கன் சிலை இந்த உறவை நினைவூட்டுகின்றது.

இனி, நேயர்களே, இப்படத்தின் மறுபக்கத்தையும் நாம் பார்த்தல் வேண்டும். பாராமல் விட்டால் இவ்வாய்வு வெறும் புகழ்மாலையாகிவிடும்.

1858இல் செனற் சபைத் தேர்தலுக்காக ஸ்ரீபன் டக்ளசுடன் நிகழ்த்திய விவாதங்களில், அடிமைமுறை தீது என்று கூறிய அதே லிங்கன், வெள்ளையரும் கறுப்பரும் சமூகத்திலும் அரசியலிலும் சரிநிகராவதைத் தாம் வேண்டவில்லை என்றும் கூறினார். 1862 ஓகஸ்டில் கறுப்பினத் தலைவர் சிலரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, நாட்டை விட்டு வேறிடத்திற் குடியேறுமாறு அறிவுரை சொன்னார். பிறந்த மண்ணை விட்டுப் போகச் சொல்லும் சொல்லைக் கேட்டோர் உள்ளம் எவ்வாறு நொந்திருக்கும்! போர்க்காலத்தில் ஆட்கொணர்வு உரிமையை இடைநிறுத்தினார். விசாரணையின்றிப் பலர் சிறையிலிருந்தனர். 1862இல் மினசோற்றாவில் டக்கோற்றா மக்களின் எழுச்சி அடக்கப்பட்டபின் 303 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. லிங்கன் பத்திரங்களைப் பரிசீலித்துப் பெரும்பாலோரைத் தப்புவித்தார். ஆயினும் 38 பேர் டிசெம்பர் 26ஆந் திகதி ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். அம்மக்களின் சந்ததியார் அவர் பெயரை வேறொரு குரலிற் சொல்வதில் வியப்பில்லை. 1863 சனவரி முதலாந் திகதி வெளியான விடுதலைப் பிரகடனங்கூட, கலகஞ்செய்த பகுதிகளில் இருந்த அடிமைகளுக்கே பொருந்தியது. ஐக்கியத்துடன் நின்ற எல்லை மாநிலங்களின் அடிமைகளுக்குப் பொருந்தவில்லை.

இவ்வளவும் உண்மை. இவற்றுடன் மற்றோர் உண்மையும் உண்டு. லிங்கன் நின்ற இடத்திலேயே நின்றவர் அல்லர். பிரகடனத்தின் பின் ஏறக்குறைய 1,80,000 கறுப்பின வீரர் ஐக்கியப் படையிற் சேர்ந்து போரிட்டனர். அவர்களுடைய வீரம் அவர் எண்ணத்தை மாற்றியது. முன்னாள் அடிமையும் எழுத்தாளருமான பிரெடெரிக் டக்ளஸ் 1863இல் நேரில் வந்து, கறுப்பின வீரருக்குச் சமமான சம்பளமும் பாதுகாப்பும் வேண்டுமென்று வாதாடினார். லிங்கன் அவருடன் ஒரு மனிதர் மற்றொரு மனிதருடன் பேசுவதுபோற் பேசினார். நாடு முழுவதிலும் அடிமைமுறையை ஒழிக்கும் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றத் தம் செல்வாக்கு முழுவதையும் செலவிட்டார். 1865 சனவரி 31ஆந் திகதி அது நிறைவேறியது. ஏப்பிரல் 11ஆந் திகதி ஆற்றிய உரையில், கறுப்பினத்தவருள் கல்வியறிவுடையோருக்கும் போரிற் பணிபுரிந்தோருக்கும் வாக்குரிமை அளிப்பதைத் தாம் விரும்புவதாக வெளிப்படையாகக் கூறினார். கூட்டத்தில் நின்று அதனைக் கேட்டவர்களுள் யோன் வில்க்ஸ் பூத் என்னும் நடிகனும் ஒருவன். இதுவே இவர் பேசும் கடைசிப் பேச்சு என்று அவன் அங்கேயே சூளுரைத்தான். மூன்றாம் நாள், பெரிய வெள்ளிக்கிழமை இரவு, நாடக அரங்கிலே லிங்கன் சுடப்பட்டார். மறுநாட் காலை அவர் உயிர் பிரிந்தது.

அவர் உடல் புகையிரதத்தில் ஏற்றப்பட்டுச் சுமார் 1,650 மைல் தூரம் பயணஞ் செய்து ஸ்பிறிங்பீல்ட் நகரை அடைந்தது. அதே வண்டியில், முன்னரே இறந்த மகன் வில்லியின் பேழையும் சென்றது. நள்ளிரவிலும் மழையிலும் மக்கள் பாதையோரங்களில் தீமூட்டிக் காத்து நின்றனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் வாஷிங்டனுக்கு வந்த பாதையையே பெரும்பாலும் அவ்வண்டி திரும்பவும் கடந்தது. பழித்த பத்திரிகைகளும் அன்று புகழ்ந்தன. வெற்றி கிட்டிய சில நாட்களுள் நேர்ந்த அம்மரணம் அவரைச் சரித்திரத்திலிருந்து புராணத்துக்குக் கொண்டுசென்றது.

ஆனால் பிரெடெரிக் டக்ளஸ் அவரைப் புராணத்தில் விட்டுவைக்க விரும்பவில்லை. விடுதலைபெற்ற மக்கள் தாமே காசு சேர்த்து வாஷிங்டனில் லிங்கனுக்கு ஒரு சிலை அமைத்தனர். முதற் காணிக்கையாக ஐந்து டொலர் கொடுத்தவர் சார்லற் ஸ்கொற் என்னும் முன்னாள் அடிமைப் பெண். 1876 ஏப்பிரல் 14ஆந் திகதி, ஜனாதிபதியும் பிரதானிகளும் அமர்ந்திருந்த அச்சபையிலே டக்ளஸ் பேசினார். லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் ஜனாதிபதியே என்று ஒளிக்காமற் கூறினார். அடிமைமுறை ஒழியவேண்டுமென்ற நோக்கில் நின்று பார்த்தால் அவர் தயங்கியவராகத் தோன்றினார் என்றும், அக்காலத்து நாட்டு மக்களின் மனநிலையுடன் ஒப்பிட்டால் விரைவும் உறுதியும் உடையவராக விளங்கினார் என்றும் இரு தட்டிலும் நிறுத்துக் காட்டினார். சில நாட்களின் பின் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், அச்சிலையில் விடுதலை பெற்ற மனிதன் முழந்தாளில் இருப்பதைக் குறிப்பிட்டு, அவன் தன் காலில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிலையைக் காணவே தாம் விரும்புவதாகத் தெரிவித்தார். நெடுங்காலம் மறைந்து கிடந்த அக்கடிதம் 2020ஆம் ஆண்டில் அறிஞர்களால் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில், பொஸ்ரன் நகரிலிருந்த அச்சிலையின் பிரதி அகற்றப்பட்டது.

நினைவு மண்டபத்தின் கதையும் இத்தகையதே. 1922 மே 30ஆந் திகதி அது திறந்துவைக்கப்பட்டபோது, கறுப்பின விருந்தினர் கயிறு கட்டிப் பிரித்த ஒரு பகுதியில் இருத்தப்பட்டனர். அவர்கள் சார்பிற் பேசிய ரொபேட் மோட்டன் அவர்களின் உரையிலிருந்த கடுமையான பகுதிகள் முன்கூட்டியே நீக்கப்பட்டன. கல்லிலே லிங்கனைப் பெரிதாகச் செதுக்கியவர்கள், அவர் வாழ்வின் பொருளைச் சிறிதாக்கினர். பதினேழு ஆண்டுகளின் பின் மேரியன் அண்டர்சன் அதே படிகளில் வந்து நின்றபோதுதான் அம்மண்டபம் தன் பெயருக்குத் தகுதி பெற்றது எனலாம்.

1909இல் அவர் பிறந்த நூற்றாண்டு நினைவாக அமெரிக்காவின் ஒரு சத நாணயத்தில் அவர் முகம் பொறிக்கப்பட்டது. நாட்டின் மிகக் குறைந்த பெறுமதியுள்ள அந்தச் செப்புக்காசு ஏழையின் கையிலும் இருந்தது. சிறுவனின் உண்டியலிலும் இருந்தது. 2025 நவம்பரில் புழக்கத்துக்காக அந்நாணயம் அடிப்பது நிறுத்தப்பட்டது. காசு போகலாம், சிலைகள் எழுப்பப்படலாம், அகற்றவும்படலாம். லிங்கன்பால் மக்கள் கொண்ட பற்று இவற்றையெல்லாம் நம்பி நிற்பதன்று.

குறையற்றவர் என்பதனால் அவரை மக்கள் நேசிக்கவில்லை. தம் குறையைத் தம் கண்முன்னே சுட்டிக்காட்டக்கூடிய ஒருவரை அழைத்து, நண்பர் என்று கைகுலுக்கி, அவர் சொல்லைக் கேட்டு ஓரடியேனும் முன்னே நடந்தவர் என்பதனால் நேசிக்கின்றனர். 1865 மார்ச் 4ஆந் திகதி, இரண்டாம் முறை பதவியேற்ற அன்று மாலை, வெள்ளை மாளிகை வாயிலிற் காவலர் டக்ளசைத் தடுத்தனர். உள்ளே வந்ததும் லிங்கன் எல்லோர் முன்னிலையிலும் அவரை நண்பரென வரவேற்று, தம் உரையைப்பற்றி அவர் கருத்தையே அறிய விரும்புவதாகக் கூறினார். அதே டக்ளஸ்தாம் பதினோராண்டின் பின் சிலையின் முன் நின்று குறையும் நிறையும் கூறினார். வழிபடுவோர் ஆயிரவர் இருந்தும், நேர்மையாக நிறுத்துப் பார்த்த அந்த ஒருவரின் அன்பே லிங்கனுக்குக் கிடைத்த மிகப்பெரிய நினைவுச்சின்னம் என்று கூறி, என் பேச்சை நிறைவு செய்கின்றேன்.